வலிக்கவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள்: வாசகியர் கேள்வி, டாக்டர் பதில்

மார்பகம், கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட புற்றுநோய்கள் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தால், "வலி ஒண்ணும் இல்லை டாக்டர், அதனால விட்டுட்டேன்" என்ற வரி ஏதோ ஒரு ரூபத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. படிக்கும்போதே மனசு பதறுகிறது. இந்த நோய்கள் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, வலிக்க ஆரம்பிக்கும்போது முற்றியிருக்கும். அதனால் பதில்களில் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் அது அக்கறையில்தான். ஊர், வயது தவிர வேறு அடையாளம் எதையும் போடவில்லை.

எனக்கு 44 வயது. வீட்டில் பீடி சுற்றுகிறேன். இடது மார்பில் நான்கு மாதமாக ஒரு கட்டி இருக்கிறது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு இருந்தது, இப்போது கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது. வலியே இல்லை. பால் கட்டு என்று நாத்தனார் பத்து போட்டுவிட்டார். சிரசுத் திருவிழா முடியட்டும், ஆவணியில் மகள் கல்யாணம், அதையும் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
- வாசகி, குடியாத்தம்

சரியில்லை, சகோதரி. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த வாரமே போங்கள். கடைசியாகப் பால் கொடுத்துப் பல வருஷம் ஆகியிருக்கும், 44 வயதில் பால் கட்டு எங்கிருந்து வரும்? பத்து போட்டதால் கட்டி கரையப் போவதில்லை, நான்கு மாதம்தான் கரைந்திருக்கிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி, நார்க்கட்டி என்று சாதாரணமானவையே அதிகம். ஆனால் வலியில்லாமல், கெட்டியாக, வளர்ந்துகொண்டே போகும் கட்டியைத் தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் முடிவு சொல்ல முடியாது, நான் உட்பட. மூன்று வேலை நடக்க வேண்டும். மருத்துவர் இரண்டு மார்பையும் இரண்டு அக்குளையும் கையால் பரிசோதிப்பார், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுப்பார்கள், அப்புறம் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, ட்ரூகட் என்று நாங்கள் சொல்லும் ஊசியால் கட்டியிலிருந்து மெல்லிய நூல் அளவு சதை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள், இதுதான் பயாப்சி. அன்றைக்கே வீட்டுக்கு வந்து உலை வைக்கலாம்.

ஊசி குத்தினால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று தெருவில் யாராவது சொல்வார்கள். பரவாது. அந்தப் பயத்தில் பயாப்சி வேண்டாம் என்று ஓடிப்போய் ஆறு மாதம் கழித்துப் புண்ணோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்க முடிவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பயாப்சி எதுவும் இல்லாமல் "கட்டியை எடுத்துப் போட்டுடலாம், சின்ன ஆபரேஷன்தான்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ன கட்டி என்று தெரிந்த பிறகுதான் எவ்வளவு எடுப்பது, கீமோ என்ற மருந்துச் சிகிச்சையை முதலில் கொடுப்பதா ஆபரேஷனை முதலில் செய்வதா என்றெல்லாம் முடிவு பண்ண முடியும். உடம்பிலிருந்து எடுத்த எந்தச் சதையும் லேபுக்குப் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது, ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஒருவேளை புற்றுநோய்தான் என்று வந்தாலும் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கட்டி சிறிசாக இருக்கும்போது போனால் பலருக்குக் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். மார்பு மார்பாகவே இருக்கும். தள்ளிப்போடப் போடத்தான் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகிறது.

பணத்துக்கு யோசிக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. குடியாத்தம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்குச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், நல நிதியிலும் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி இருக்கிறது. ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி என்பது தெரியும், இரண்டு மூன்று நாள் கூலி போகத்தான் செய்யும். போகட்டும். மகள் கல்யாணத்தில் நீங்கள் முன்னால் நின்று தாம்பூலம் மாற்ற வேண்டுமே, அதற்காகத்தான் இப்போதே போகச் சொல்கிறேன்.

வயது 57. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டது, துணியில் கறை அளவுதான். உடம்புச் சூடு என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார், மோரும் வெந்தயமும் குடித்தேன், நின்றுவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது.
- வாசகி, வாலாஜா

நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்த ரத்தம் வரும், நிற்கும், மறந்து போகும், மறுபடி வரும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் முழுசாக ஆன பிறகு ஒரு சொட்டு பட்டால்கூட, இளஞ்சிவப்பாகப் பட்டால்கூட, மகளிர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வெந்தயத்தின்மேல் எனக்குக் கோபமில்லை, தாராளமாகக் குடியுங்கள், ஆனால் அதைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

பெரும்பாலும் பிறப்புறுப்பின் உள்தோல் வயதினால் மெலிந்து போனதாகவோ சின்னச் சதை வளர்ச்சியாகவோதான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு இதுதான் முதல் அறிகுறி, பல பேருக்கு ஒரே அறிகுறி. உடல் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்திருக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும், மாதவிலக்கு நின்றவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் இருக்காது, அதனால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். உள்வழி ஸ்கேனில் அந்தத் தடிமனை அளந்து பார்த்து, தேவையென்றால் சின்னக் குழாய் விட்டுக் கொஞ்சம் சவ்வை எடுத்துச் சோதிப்பார்கள். ரத்தம் வந்தவுடனே வருகிறவர்களுக்கு நோய் பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தாண்டியிருக்காது, பலருக்கு ஆபரேஷனோடு முடிந்துவிடுகிறது.

மேல்விஷாரத்தில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வயது 34, இரண்டு பிள்ளைகள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். எனக்கு வெள்ளைப்படுதல் தவிர எந்தத் தொந்தரவும் இல்லை. கூச்சமாக இருக்கிறது, ஆண் டாக்டர் இருப்பாரோ என்று பயம். இது தப்பாக நடக்கிறவர்களுக்கு வரும் நோய் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார். போகத்தான் வேண்டுமா?
- வாசகி, ராணிப்பேட்டை மாவட்டம்

போங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது செய்வதற்குத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது.

உங்கள் தோழி சொன்னதை முதலில் மனசிலிருந்து துடைத்துவிடுங்கள். இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், வாழ்நாளில் எப்போதாவது அது தொற்றத்தான் செய்கிறது. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப்போய், மெல்ல மெல்லச் செல்களை மாற்றி, 15, 20 வருஷம் கழித்துப் புற்றுநோயாகிறது. இதில் ஒழுக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களால்தான் பெண்கள் பரிசோதனை மேஜைக்கே வர மாட்டேன் என்கிறார்கள். நம் நாட்டில் 2022-ல் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. வருவதற்குப் பல வருஷம் முன்பே கண்டுபிடித்துத் தடுக்கக்கூடிய நோயில் இத்தனை சாவு.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அதனால் சொல்கிறேன். திரை போட்ட அறை, பெரும்பாலும் செவிலியரே செய்வார். பெண்தான் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. மேஜையில் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள், போர்வை இருக்கும். வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவியை உள்ளே வைத்து மெல்ல விரித்தால் கர்ப்பப்பை வாய் தெரியும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து மூச்சை நன்றாக இழுத்து விட்டீர்கள் என்றால் தசை இளகும், வலிக்காது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளை, பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். கொஞ்சம் சுருக்கென்று இருக்கலாம். மாறிப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான், முடிவும் அப்போதே தெரிந்துவிடும். வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் சூட்டாலோ குளிராலோ சில நிமிஷத்தில் அழித்துவிடலாம், பலருக்குப் படுக்கையில் சேரவேண்டிய அவசியம்கூட இல்லை.

இவ்வளவு எளிமையான சோதனை உபயோகப்படுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் செவிலியர்களை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. 2023 கடைசியில் மாநில அரசு வீடு வீடாக அழைத்துச் சோதிக்கும் திட்டத்தை முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் உங்கள் ராணிப்பேட்டையும் ஒன்று. கூப்பிட்டார்கள் என்றால் அந்த வழியில்தான் கூப்பிட்டிருப்பார்கள். மார்பையும் முகத்திலுள்ள வாயையும் கூடவே பரிசோதிப்பார்கள், மூன்றையும் முடித்துக்கொண்டு வாருங்கள்.

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். வெள்ளைப்படுதல் தண்ணீர் மாதிரியோ வெள்ளையாகவோ வாடையில்லாமல் இருந்தால் பயமில்லை. கெட்ட வாடை, ரத்தம் கலந்தது, உறவுக்குப் பின் ரத்தம் படுவது, இதில் எது இருந்தாலும் முகாமுக்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

என் மகளுக்கு 11 வயது. கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடச் சொல்லி ஸ்கூல் கூட்டத்தில் சொன்னார்கள். பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடும் என்று மாமியார் பிடிவாதமாக மறுக்கிறார்.
- வாசகி, ஆற்காடு

மாமியாருக்குப் பேத்திமேல் உள்ள பாசம் அது, அவரிடம் சண்டை போடாமல் பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த ஊசி உலகத்தில் 2006-லிருந்து இருக்கிறது, கோடிக்கணக்கான பெண் பிள்ளைகள் போட்டுக்கொண்டு, கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றுவிட்டார்கள். பிள்ளைப்பேறைப் பாதித்ததாக எந்த ஆதாரமும் இல்லை. சொல்லப்போனால் கர்ப்பப்பை வாயில் நோய் வந்து ஆபரேஷன், கரண்ட் என்று போவதுதான் பிள்ளைப்பேறைப் பறிக்கும்.

ஸ்காட்லாந்தில் 2008-லிருந்து பள்ளியில் போட்டார்கள். 12, 13 வயதில் முழுசாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள். வைரஸ் தொடுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 வயது என்கிறோம். இந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்பதுதான் இங்கே வழக்கமாக இருந்துவருகிறது, ஒரே ஊசி போதும் என்ற முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டது. 15 வயதுக்கு மேல் மூன்று. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023-ல் வந்த பிறகு நம் நாட்டுத் தயாரிப்பே கிடைக்கிறது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஊசி போட்டதும் கால் மணி நேரம் உட்கார வையுங்கள், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊசியைப் பார்த்தே மயக்கம் வரும். அப்புறம், ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதுக்கு மேல் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை.

அம்மாவுக்கு 39 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து 41-ல் இறந்துவிட்டார். எனக்கு 27. வரன் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்கும் வருமா?
- வாசகி, காட்பாடி

தங்கச்சி, இதை நீ தனியாகச் சுமந்துகொண்டிருப்பதுதான் எனக்கு அதிக வருத்தம். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 100-ல் 5 முதல் 10 தான். ஆனால் அம்மாவுக்கு 40 வயதுக்கு முன்பே வந்ததால் உன் விஷயத்தில் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பி.ஆர்.சி.ஏ. ஒன்று, இரண்டு என்ற மரபணுக்களில் பழுது இருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும். இருந்தால் மார்புக்கும் சினைப்பைக்கும் ஆபத்து அதிகம், ஆனால் இருந்தாலே வந்துவிடும் என்றில்லை. முதலில் மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசு, பிறகு ரத்தம் கொடு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலேயே மரபியல் பிரிவு இருக்கிறது, எங்கேயும் அலைய வேண்டாம். போகும்போது அம்மா வழியில் மட்டும் இல்லாமல் அப்பா வழி அத்தை, பாட்டி யாருக்காவது வந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டு போ, அப்பா பக்கமிருந்தும் இந்தப் பழுது வரும். அம்மாவின் பழைய பயாப்சி ரிப்போர்ட் பெட்டியில் எங்காவது இருந்தால் அது தங்கம்.

அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே, அதாவது 29 வாக்கில் உனக்கு வருடாந்திரப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்வார்கள். இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமைவிட எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். மாதம் ஒருமுறை, மாதவிலக்கு முடிந்த வாரத்தில், குளிக்கும்போது சோப்புக் கையோடு மூன்று விரல் நுனியால் வட்டமாகத் தடவிப் பார்த்து உன் உடம்பைத் தெரிந்து வைத்துக்கொள். அதை மட்டும் நம்பி இருக்காதே. ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜவுளி ஆலைப் பெண்களிடம் நடந்த ஆய்வில் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை.

வரனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அம்மாவின் நோயைக் கேட்டு ஓடுகிற வீடு, நாளைக்கு உனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் ஓடும். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

என் மனைவிக்கு 52 வயது. மூன்று மாதமாக வயிறு உப்பல், இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, பாவாடை நாடா இறுக்கம் என்கிறாள். கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன்.
- வாசகர், அணைக்கட்டு

மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்கள், தம்பி. 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்து, வாரக்கணக்கில் விடாமல் இருக்கும் உப்பலை வாயு என்று ஒதுக்கக் கூடாது. சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும், அதற்கு முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான முகாம் பரிசோதனை எதுவும் கிடையாது, அறிகுறியைக் கவனிக்கிற மனிதர்தான் வேண்டும். சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அது அதிகமாக இருந்ததும் இடிந்துபோக வேண்டாம், வயிற்றுக் காசநோயிலும் அது ஏறும். மனைவிக்காக நீங்கள் உட்கார்ந்து கடிதம் எழுதியது நிறைவாக இருந்தது, இதே அக்கறையோடு கூடவும் போய் வாருங்கள்.

ஜாக்கெட்டுக்குள் பர்ஸும் செல்போனும் வைத்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?
- வாசகி, ஆரணி

அப்படி எந்த ஆதாரமும் இல்லை. கறுப்பு உள்ளாடையாலும் வராது.

கட்டி இருந்ததால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் எனக்கு எந்தச் சோதனையும் வேண்டாம் அல்லவா?
- வாசகி, சோளிங்கர்

சாதாரண நார்க்கட்டிக்காக, கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்திருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை வேண்டாம். வாயை விட்டுவிட்டு எடுத்தார்களா, சினைப்பையை எடுத்தார்களா என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், பாருங்கள். மார்புப் பரிசோதனைக்கு விடுமுறையே கிடையாது.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. டமாக்சிஃபென் மாத்திரை ஐந்து வருஷம் என்றார்கள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நன்றாக இருக்கிறேன். பஸ் செலவும் ஆகிறது. நிறுத்திவிடலாமா?
- வாசகி, பேரணாம்பட்டு

நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒட்டியிருக்கும் செல்லுக்கு ஹார்மோன் தீனி போடாமல் தடுத்துக்கொண்டிருப்பது அந்த மாத்திரைதான், நீங்கள் நன்றாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. உடம்பு திகுதிகு என்று சுடுவதும் வியர்ப்பதும் இருந்தால் சொல்லுங்கள், சமாளிக்க வழி இருக்கிறது. அந்த மாத்திரை சாப்பிடும்போது மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். பஸ் செலவுக்காகத்தான் யோசனை என்றால், இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை எழுதித் தர முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போகும்போது பழைய ஃபைலை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.